போர்வைக்கு வெளியே கால்

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

இரவு இரண்டரை மணி. மிளகாய் அரைத்துப் பூசியதுபோல இரண்டு பாதமும் எரிகிறது. போர்வை நுனி உரசினாலே சுருக்கென்று ஏறுகிறது. அதனால் காலை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருக்கிறேன். அவரை எழுப்பினால் தைலம் தேய்த்துவிடுகிறேன் என்பார். தொட்டால்தான் வலியே.

ஆகஸ்ட் 6, புதன்

ஆவணி முகூர்த்தத்துக்கு ஒன்பது ரவிக்கை தைக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நான்கு முடிப்பேன். இன்று ஒன்றுகூட இல்லை. பெடலில் கால் வைத்தால் பஞ்சை மிதிப்பதுபோல இருக்கிறது. தூக்கமில்லாத கண்ணோடு இடக் கையையும் வலக் கையையும் மாற்றி இணைத்து, அப்புறம் பிரித்தேன். துணி வாங்க வந்த பெண், “பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க அக்கா” என்றாள். அவளிடம் எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்? வீக்கமில்லை, புண்ணில்லை, எதைக் காட்டுவது?

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயிலுக்குப் போகவில்லை. போன ஆடியில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றி, உள்ளங்காலில் கொப்புளம். வீட்டுக்கு வந்து மகள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. போர்வைக்கு அலறும் அதே கால், கல் சுட்டதை உணரவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புது டாக்டர். முதல் கேள்வியே, “ராத்திரி தூங்குறீங்களாம்மா?” பன்னிரண்டு வருட சுகரில் யாரும் இதைக் கேட்டதில்லை. அழுதுவிட்டேன்.

கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே அழுத்தினார். வளையும்போது சரியாக 10 கிராம் அழுத்தம் தருமாம். பல இடங்களில் எனக்குத் தெரியவே இல்லை. பாதத்துக்கு வருவதுதான் உடம்பிலேயே நீளமான நரம்பு, சர்க்கரை அதன் நுனியைத்தான் முதலில் கெடுக்கும் என்றார். கெட்ட நரம்பு தொடுவதைச் சொல்ல மறக்கிறது, இல்லாத வலியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சாதாரண வலி மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று இப்போதுதான் புரிந்தது. சுகருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம் என்று அதற்கும் ரத்தம் எடுத்தார்கள். இரவுக்கு நரம்பு வலிக்கான பிரெகாபலின் 75 மில்லிகிராம். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு.

“முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். பாதி குறைஞ்சாலே நல்ல பலன்.” பொய் சொல்லாத அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

பத்துக்கு எட்டு என்றிருந்த வலி இப்போது ஐந்து. நேற்று நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினேன். காலையில் தலை சுற்றுகிறது, சுவரைப் பிடித்துத்தான் எழுகிறேன். நான்கு ரவிக்கையைப் பக்கத்துத் தெருக்காரியிடம் கொடுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் சரி.

சாயங்காலம் நான் மெஷினைவிட்டு எழுவதற்கு முன், மகள் காந்தத்தைத் தரையில் ஓட்டுகிறாள். இன்று மூன்று குண்டூசி கிடைத்தன.