அம்மா கேமரா மாத்திரை விழுங்கிய நாள்

ஒன்றரை வருஷத்தில் அம்மாவுக்கு ஏழு பாட்டில் இரத்தம் ஏற்றியிருந்தோம். ஹீமோகுளோபின் 6க்கு இறங்கும், ஏற்றினால் 9 வரும், இரண்டே மாதத்தில் மறுபடி மூச்சிரைக்கும். மலம் கறுப்பாகப் போனதற்கு அயர்ன் மாத்திரைதான் காரணம் என்று இருந்துவிட்டோம். மாத்திரையாலும் கறுக்கும்தான். ஆனால் உள்ளே இரத்தம் கசிந்தால் தார் மாதிரி ஒட்டும், நாற்றமும் வேறு. இது முன்பே தெரிந்திருந்தால் எத்தனையோ மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, ஆசனவாய் வழியாகப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி இரண்டிலும் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு குழாயும் எட்டாமல் நடுவில் சிறுகுடல் பல மீட்டர் கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் இந்தக் கேமரா மாத்திரை. முந்தின நாள் கஞ்சித்தண்ணீர், இரவில் பேதி மருந்து. காலையில் இடுப்பில் பெல்ட் கட்டி, 26 மில்லிமீட்டர் நீள மாத்திரையைக் கொடுத்தார்கள். உள்ளே விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டார். வினாடிக்கு இரண்டு படம், எட்டு மணி நேரம். ஐம்பதாயிரத்துக்கு மேல் வரும். டாக்டர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நான்காம் நாள் திரையில் காட்டினார். தண்ணீருக்குள் ஆடும் பாசி போலக் குடலின் உட்சுவர். நடுவே, குங்குமத்தை விரல்நுனியால் ஒற்றியது போல மூன்று சிவப்புப் புள்ளிகள். மெலிந்து விரிந்துபோன நுண் இரத்தக் குழாய்கள். ஆஞ்சியோடிஸ்பிளேசியா என்றார்.

அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அம்மாவின் நெஞ்சில் வைத்தார், உடனே எக்கோ என்ற இதய ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் வெளியேறும் வாசலான மகாதமனி வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தது. குடலுக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். இந்த இரண்டும் சேர்ந்து வருவதை 1958இலேயே ஹெய்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியிருக்கிறாராம். இரத்தம் உறைய வோன் வில்லிபிராண்ட் என்ற நீளச் சங்கிலிப் புரதம் வேண்டும். குறுகிய வால்வில் இரத்தம் பீறிடும்போது அந்தச் சங்கிலி துண்டாகிவிடுகிறது. குழாய்கள் தாறுமாறாக முளைக்காமல் அடக்குவதும் இதே புரதம்தான் என்று 2011இல் லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு எல்லாம் ஒட்டியது.

இப்படி முளைக்கும் குழாய்களை அடக்கும் தாலிடோமைடு என்ற மருந்து பற்றியும் கேட்டேன். 2023இல் வெளியான சீன ஆய்வில் 150 பேருக்கு நான்கு மாதம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 100 மில்லிகிராம் எடுத்தவர்களில் 68.6 சதவீதம் பேருக்கு அடுத்த ஓராண்டில் கசிவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம்தான். நரம்பைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால், அம்மாவுக்கு முதலில் வால்வைச் சரிசெய்வோம் என்றார் டாக்டர். சரி என்றோம்.

தொடை வழியாகப் புது வால்வு வைத்துப் பதினோரு மாதம் ஆகிறது. அதற்கப்புறம் இரத்தம் ஏற்றவில்லை. போன வாரம் ஹீமோகுளோபின் 11.4. காரணம் தெரியாமல் இரத்தசோகை திரும்பத் திரும்ப வரும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இதயத்தையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.