போதை என்று திருப்பி அனுப்பினார்கள், சர்க்கரை 46

பங்காளி வீட்டுக் கெடா விருந்துக்குக் காங்கேயம் பக்கம் போயிருந்தேன். பந்தி தள்ளிக்கொண்டே போனது, அதற்குள் வெறும் வயிற்றில் ஒரு குவார்ட்டர் முடிந்துவிட்டது, அப்புறம் இலையில் உட்கார்ந்தும் சோறு இறங்கவில்லை. மச்சான் காரில் பெருந்துறை வந்து, வழக்கம்போல சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

ராத்திரி மூன்று மணிக்குப் பனியன் பிழிகிற அளவுக்கு வேர்வை, கை நடுக்கம், நாக்குக் குழறல். "ஏனுங்க, என்னாச்சுங்க" என்று வீட்டுக்காரம்மா உலுக்கியது நினைவிருக்கிறது. 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பணியில் இருந்தவருக்கு வாடை அடித்ததுமே முடிவு தெரிந்துவிட்டது. "தெளிஞ்சா சரியாயிரும், கூட்டிட்டுப் போங்க." சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்று இவள் இரண்டு தடவை சொல்லியும் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவின் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 46. எழுபதுக்குக் கீழே போனாலே உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். விழுங்குகிற நினைவு இருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார்கள், கால் மணி நேரத்தில் 74. விடிவதற்குள் மறுபடி இறங்கியது. வேறு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிச் சாயங்காலம்வரை வைத்திருந்தார்கள்.

அங்கே டாக்டரம்மாதான் விளக்கினார். சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை விடுவது ஈரல். மது உள்ளே போனால் அதை முறிப்பதிலேயே ஈரல் மாட்டிக்கொள்ளும். இன்னொரு பக்கம் என் மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான், குடித்து 24 மணி நேரம்வரைகூட வரலாம். வெளியே பார்ப்பவருக்குப் போதை மாதிரியே இருக்கும்.

குடிக்காமல் இருப்பதுதான் நல்லது என்றும் சொன்னார். விட முடியாதவர்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள், நான் ஆறு வருஷம் மறைத்தேன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் சொல்லித்தான். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, 60 மில்லிக்குள், கோலா இல்லாமல் சோடா. சர்க்கரை நோயாளி என்று ஒரு சீட்டு எழுதிப் பர்ஸில் வையுங்கள். கூட இருப்பவரிடம் "நான் குழறினால் முதலில் சர்க்கரையைப் பாருங்க" என்று சொல்லிவிடுங்கள்.

போன மாரியம்மன் நோம்பிக்குக் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு 30 மில்லியோடு எழுந்துவிட்டேன். படுக்கும்போது 98, இரண்டு இட்லி சாப்பிட்டேன். மூன்று மணிக்கு அலாரம் வைத்து அவளே விரலைக் குத்திப் பார்த்தாள். 121.