சூரைச்செடியின் கீழ் ஒரு குவைத் கோடை

குவைத்துக்கு வருகிறவர்கள் முதலில் தண்ணீரோடு பழக வேண்டும். கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியாது, அப்படிச் சுடும். அதனால் வெயில் ஏறத் தொடங்கியதும் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுவோம். வீட்டுக்குள் இருக்கிற ஹீட்டரில் தேங்கும் தண்ணீர் கொஞ்சம் ஆறியிருக்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்துதான் குளிப்போம். இந்த நாட்டில் ஆறு கிடையாது. 1950களில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வரும்வரை, ஈராக் பக்கத்து ஷத் அல் அரப் ஆற்றிலிருந்து பாய்மரக் கப்பலில் நன்னீர் கொண்டுவந்து குடித்திருக்கிறார்கள். படங்களில் எல்லாரும் பார்க்கிற குவைத் டவர்ஸிலும் தண்ணீரைத்தான் சேர்த்து வைக்கிறார்கள்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரத்துக்காரன். தேரிக்காட்டுச் செம்மணலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வெயிலும் வறட்சியும் புதிதல்ல. ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் எல்லாம் மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் கட்டிய அந்த உயரக் கோபுரத்துக் கோவிலில்தான். இங்கே வந்து உள்ளுக்குள் வறண்டுபோனதுதான் எனக்குப் புதிது.

கஷ்டகாலத்தில் அது வரவில்லை. வேலை தேடி அலைந்தபோதும், ஏஜென்டிடம் கட்டிய பணத்துக்கு வட்டி ஏறியபோதும் நன்றாகவே ஜெபித்தேன். இகாமா என்கிற குடியிருப்பு அனுமதி அடித்து, சிவில் ஐடி அட்டை கைக்கு வந்து, கடன் அடைந்து, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் போகத் தொடங்கிய பிறகுதான் வாய் அடைத்துப்போனது. வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும் தெரிந்தது. முழங்கால் போட்டால் தூக்கம் வரும், இல்லையென்றால் மறுநாள் ஷிப்ட் நினைப்பு வரும். இத்தனை செய்த தேவனிடம் எனக்கு எதுவும் தோன்றவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வேதத்தில் எலியா தீர்க்கதரிசிக்கும் இப்படித்தான் நடந்தது. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் கண்டவர், அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அங்கே கண்டிப்பு ஒரு வார்த்தைகூட இல்லை என்பது குவைத்தில் படித்தபோதுதான் உறைத்தது. தூதன் தட்டி எழுப்பினான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், திரும்பவும் படுத்துக்கொண்டார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான். ஏன் இங்கே இருக்கிறாய் என்று தேவன் கேட்பதெல்லாம் அப்புறம், ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

என் அறையில் சாத்தான்குளம் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவர் எனக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. ஒரு வியாழன் ராத்திரி மெஸ்ஸில் தருகிற குபூஸ் ரொட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, சோறு வடித்து, ஊரிலிருந்து வந்த கருவாட்டில் குழம்பு வைத்தார். "தம்பி, மொதல்ல வயித்துக்குச் சாப்புடு, போய்ப் படு. காலைல கோயிலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவ்வளவுதான்.

இங்கே ஞாயிறு வேலைநாள்; வெள்ளிதான் ஆராதனை. குவைத் சிட்டி கிப்லா பகுதியில் தேசிய சுவிசேஷ திருச்சபையின் வளாகம் இருக்கிறது. அமெரிக்க மிஷனரிகளின் ஊழியத்தில் பிறந்த சபை, கோவில் கட்டியது 1931இல். 1999இல் இந்தச் சபையில் போதகராக அபிஷேகம் பெற்ற இம்மானுவேல் கரீப், குவைத் குடிமகனே. ஒரே சுற்றுச்சுவருக்குள் அரபி, ஆங்கிலம், மலையாளம், தெலுங்கு, தமிழ் என்று எத்தனையோ சபைகள். ஒரு கூட்டம் முடிந்து வெளியே வர, அடுத்த கூட்டம் வாசலில் காத்து நிற்கும். நாம் ஜெபிக்கும்போது பக்கத்து ஹாலில் வேறு மொழியில் கைதட்டிப் பாடுவது கேட்கும்.

எனக்குச் சொந்தமாக ஒரு வார்த்தையும் வராத அந்த மாதங்களில் ஆராதனைப் புத்தகத்தைப் பார்த்துச் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையும் விசுவாசப் பிரமாணமும் பரமண்டல ஜெபமும்தான் என்னைத் தாங்கின. சில வாரம் உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எனக்கும் சேர்த்துச் சொன்னார்கள். புத்தகம் பார்த்துச் செய்யும் ஜெபத்தில் ஜீவன் இல்லை என்று கன்வென்ஷன் மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். உள்ளம் நிறைந்தவனுக்கு வார்த்தை தானே வரும். வறண்டு கிடப்பவனுக்கு யாராவது வாயில் எடுத்துக் கொடுக்கத்தான் வேண்டும்.

இந்தியாவுக்கும் எங்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். வீட்டில் ராத்திரி எட்டு மணி குடும்ப ஜெபம், எனக்கு மாலை ஐந்தரை, கம்பெனி பஸ்ஸில் இருப்பேன். மனைவி போனை நடுவில் வைத்துவிடுவாள். காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். ஒருநாள் மகள் 63ஆம் சங்கீதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வெளியே தூசிக்காற்றில் ரோடு தெரியவில்லை, டிரைவர் ஹெட்லைட் போட்டு மெதுவாக ஓட்டினார். வறண்டதும் விடாய்த்ததும் தண்ணீரற்றதுமான நிலம் என்று அவள் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தாள். தாவீது யூதாவின் வனாந்தரத்தில் இருந்தபோது பாடியது அது. மழை வந்த பிறகு பாடியதல்ல, வறட்சிக்குள் இருந்துகொண்டே பாடியது. மனைவி ஜெபித்து முடித்ததும் நான் ஆமென் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நெடுநாளைக்குப் பிறகு மனதோடு சொன்ன ஆமென் அது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போதும் சில வாரங்கள் காய்ந்துதான் போகின்றன. ஆனால் முன்போல அதைக் கண்டு பயப்படுவதில்லை.

புதிதாக வந்து, வியாழன் ராத்திரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடக்கிற தம்பிமார் யாராவது இருந்தால், தகவல் சொல்லுங்கள். அண்ணாச்சியும் நானும் வந்து கூட்டிக்கொண்டு போகிறோம். பாட வேண்டாம், சாட்சி சொல்ல வேண்டாம், எங்களோடு வந்து உட்கார்ந்தால் போதும். ஆராதனை முடிந்ததும் எங்கள் அறையில் சோறு உண்டு.