டி.சி. வாங்கிக்கொண்டு ஊர் மாறிய குடும்பம்: காஃபின் வம்சத் தேடலில் எட்டு மாதம்

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, இண்டியானாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஃபவுண்டன் சிட்டிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். 1839இல் கட்டிய செங்கல் வீடு ஒன்று அங்கே இருக்கிறது. லீவை காஃபினும் அவர் மனைவி கேதரினும் வாழ்ந்த வீடு. அடிமைத்தளையிலிருந்து தப்பி வடக்கே ஓடி வந்தவர்களை அதில் ஒளித்துவைத்துச் சோறு போட்டு, துணி கொடுத்து அனுப்பினார்கள். மாடியில் கூரைச் சரிவுக்கு அடியில் குனிந்து நுழைகிற ஒரு சின்னக் கதவு. ஆள் உள்ளே போனதும் கட்டிலை நகர்த்தி அதை மறைத்துவிடலாம். கிணறுகூட வீட்டுக்குள்ளேயே. இந்த வீட்டுக்கு ஏன் இவ்வளவு தண்ணீர் என்று தெருவில் போகிறவர் கேட்க வழியே இல்லை.

அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோதே, இந்த மனிதர்கள் எங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தார்கள் என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. வீடு திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஒரே விதிதான்: மூலப் பதிவைக் கண்ணால் பார்க்கும்வரை எந்தப் பெயரும் பென்சிலில்தான் இருக்கும். பார்த்த பிறகே பேனா.

முதல் மாதம் எளிதாகப் போனது. லீவை பிறந்தது 1798 அக்டோபர் 28, வட கரோலினாவின் கில்ஃபோர்டு கவுண்டியில் நியூ கார்டன் என்ற குவேக்கர் குடியிருப்பில். குவேக்கர் என்பது நண்பர்கள் சங்கம் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட ஒரு கிறிஸ்தவப் பிரிவு. 1824இல் அதே அக்டோபர் 28இல் கேதரின் வைட்டோடு திருமணம். 1826இல் இண்டியானாவின் நியூபோர்ட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள்; ஃபவுண்டன் சிட்டியின் அப்போதைய பெயர் அது. அப்பா பெயரும் லீவைதான், அம்மா புரூடன்ஸ் வில்லியம்ஸ். தாத்தா வில்லியமும் பாட்டி பிரிசில்லாவும் 1773இல் மாசசூசெட்ஸின் நான்டக்கெட் தீவிலிருந்து கரோலினாவுக்கு வந்தவர்கள்.

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கக் காரணம் குவேக்கர்களின் மாதக்கூட்டம். அந்தச் சமயப் பிரிவில் அன்று ஊதியம் வாங்கும் பாதிரியார் கிடையாது. ஊரில் உள்ளவர்கள் மாதம் ஒருமுறை கூடி எல்லாவற்றையும் முடிவுசெய்து மினிட்ஸ் எழுதி வைப்பார்கள். ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போகிறதென்றால் கூட்டத்தில் சொல்ல வேண்டும். கூட்டம் ஆள் வைத்து விசாரிக்கும்: கடன் பாக்கி உண்டா, மணமாகாதவர் என்றால் யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கிறாரா. எல்லாம் சரியென்றால் ஒரு சான்று தருவார்கள். புது ஊர்க் கூட்டத்தில் அதைக் கொடுத்தால்தான் அங்கே உறுப்பினர். நம் பள்ளிக்கூட டி.சி. மாதிரியேதான். கொடுத்த ஊரிலும் பதிவு, வாங்கிய ஊரிலும் பதிவு. ஒரு முனை கையில் இருந்தால் மறுமுனையை எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

இந்த மினிட்ஸை எல்லாம் சுருக்கி அச்சில் கொண்டுவந்தவர் வில்லியம் வேட் ஹின்ஷா. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் பாடிய பாடகர் அவர். பிற்காலத்தை இந்த வேலைக்கே கொடுத்தார். வட கரோலினாவுக்கான முதல் தொகுதி 1936இல் வந்தது. அதில் எல்லாமே சுருக்கெழுத்து. 'ஜி.சி.டி.' என்றால் இன்ன கூட்டத்துக்குச் சான்று கொடுக்கப்பட்டது. 'ஆர்.ஓ.சி.எஃப்.' என்றால் இன்ன கூட்டத்திலிருந்து சான்றோடு வந்து சேர்ந்தார். 'எம்.ஓ.யூ.' என்றால் சங்க ஒழுங்குக்குப் புறம்பாகத் திருமணம். 'டிஸ்' என்றால் நீக்கம். இரண்டு வாரத்தில் இவை பழகிவிட்டன. ஆனால் சுருக்கம் சுருக்கம்தான். அதில் ஒரு வரியாக இருப்பது மூல மினிட்ஸில் நான்கு மாதம் இழுத்த விவகாரமாக இருக்கும்.

டிசம்பரில் ஒரு பெரிய தவறு. காஃபின் வழியில் ஒரு தாய்க்கு டிசம்பரில் ஒரு குழந்தை, அடுத்த பிப்ரவரியில் இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே பெயர். ஒன்று இறந்து அடுத்ததற்கு அதே பெயரை வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். ஆனால் நடுவில் இரண்டே மாதம். மூன்று நாள் குழம்பிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அன்றைய குவேக்கர்கள் மாதப் பெயர்களைச் சொல்ல மாட்டார்கள். அவற்றில் சில பழைய தெய்வங்களின் பெயர் என்பதால் முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்ணால்தான் எழுதுவார்கள். 1752க்கு முன் ஆங்கிலேயர் நாட்காட்டியில் ஆண்டு பிறப்பது மார்ச் 25. அதனால் மார்ச்தான் முதல் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்றால் பிப்ரவரி. கூட்டப் பதிவில் இருந்த 'பன்னிரண்டாம் மாத'த்தை நான் டிசம்பர் என்று எழுதிவிட்டேன். நகரப் பதிவில் அதே குழந்தை பிப்ரவரி என்று சரியாக இருந்தது. ஒரே பிள்ளையை இரண்டு முறை பிறக்க வைத்திருக்கிறேன். 1752க்கு முந்தைய தேதிகள் எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுத ஒரு வாரம் ஆனது.

ஜனவரியில் ஊர்ப் பெயர்ச் சிக்கல். நியூ கார்டன் கரோலினாவில் இருக்கிறது. இண்டியானாவில் லீவை குடியேறிய பகுதியிலும் இருக்கிறது. பென்சில்வேனியாவிலும் இருக்கிறது. அந்தப் பெயரின் வேர் அயர்லாந்தின் கார்லோ பகுதியில். அங்கிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்தவர்கள் பழைய ஊர்ப் பெயரைப் புது இடத்துக்கு வைத்தார்கள், அது தெற்கே கரோலினாவுக்குப் போனது, அங்கிருந்து இண்டியானாவுக்கு வந்தது. வெறும் 'நியூ கார்டன்' என்று மட்டும் எழுதியிருந்த மூன்று பதிவுகளைத் தப்பான மாநிலத்தில் போட்டிருந்தேன். இப்போது மாநிலப் பெயர் இல்லாமல் எதையும் குறிப்பதில்லை.

அந்தச் சமயம் அம்மா வீடியோ காலில் வந்தாள். மேஜை முழுக்கத் தாளைப் பரப்பியிருப்பதைப் பார்த்துவிட்டு, "யாருப்பா இவங்க? நமக்கு என்ன உறவு?" என்றாள். உறவு ஒன்றும் இல்லை, நல்ல மனிதர்கள் என்றேன். "அப்ப சரி, பாரு. ஆனா நம்ம பெரிய தாத்தாவோட அப்பா பேரையும் யார்கிட்டயாவது கேட்டு வை. எனக்கே தெரியாது" என்றாள். அன்றிரவே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எங்கள் பெயர்களை எழுதிப் பார்த்தேன். நாலாவது தலைமுறைக்கு மேல் பேனா ஓடவில்லை.

பிப்ரவரி முழுக்க நான்டக்கெட். 1659இல் ஒன்பது பேர் 30 பவுண்டுக்கும் இரண்டு பீவர் தொப்பிக்கும் அந்தத் தீவை வாங்கினார்கள். அதில் ஒருவர் டிரிஸ்ட்ராம் காஃபின், இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து வந்தவர். லீவையின் வம்சம் அவரில்தான் போய் முடிகிறது. டிரிஸ்ட்ராமும் குவேக்கர்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை, அவர் 1681இலேயே போய்விட்டார். தீவுக்குக் குவேக்கர் வழியைக் கொண்டுவந்தவர் அவர் மகள் மேரி ஸ்டார்பக். வியாபாரத்திலும் ஊர் நிர்வாகத்திலும் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. நடுவயது தாண்டிய பிறகு இந்த வழிக்கு வந்தார், ஊரும் பின்னால் வந்தது. 1708இல் கூட்டம் அமைந்தது. ஒரு குடும்பத்தின் சமயத்தையே மாற்றியவர், ஆண்வழியை மட்டும் வரைந்த என் முதல் மரத்தில் இல்லவே இல்லை. மரத்தை முழுவதும் திரும்ப வரைந்தேன். அப்போதுதான் இன்னொரு கிளையும் தெரிந்தது: பெண்கள் உரிமைக்காகவும் அடிமைமுறைக்கு எதிராகவும் குரல் கொடுத்த லுக்ரீஷியா மாட், 1793இல் அதே தீவில் காஃபின் வீட்டுப் பெண்ணாகப் பிறந்தவர். லீவைக்குத் தூரத்துப் பங்காளி வகை.

பெண்களைத் தேட எனக்கு உதவியவை இரண்டு. ஒன்று, பெண்கள் தனியாகக் கூடித் தனி மினிட்ஸ் எழுதினார்கள். தாயும் மகள்களும் எங்கே போனார்கள் என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. இன்னொன்று திருமணப் பத்திரம். மணமக்கள் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று தாங்களே உறுதிமொழி சொல்வார்கள். பிறகு வந்திருந்த அத்தனை பேரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவார்கள், நெருங்கிய உறவுகள் மணமக்கள் பெயருக்கு நேர் கீழே. நம் வீட்டு மொய் நோட்டைப் புரட்டினால் அன்று யார் வந்தார், எந்த ஊர்க்காரர் என்று தெரியுமே, அதேதான். ஒரு பத்திரத்தில் எழுத்துத் தள்ளாடிய ஒரு பெயர், மை ஓரிடத்தில் ஊறிப்போய் இருந்தது. நான் இறந்துவிட்டதாகக் குறித்திருந்த பாட்டி அவர். அன்று உயிரோடு இருந்திருக்கிறார். அந்தப் பெயரைப் பேனாவால் எழுதும்போது மனசு நிறைந்தது.

ஏன் கரோலினாவை விட்டார்கள் என்பதும் இந்தச் சான்றுகளில் தெரிகிறது. 1787இன் சட்டம் ஓஹையோ நதிக்கு வடக்கே அடிமைமுறையைத் தடுத்தது. 1800க்குப் பிறகு தெற்குக் கூட்டங்களிலிருந்து ஓஹையோவுக்கும் இண்டியானாவுக்கும் சான்றுகள் பக்கம் பக்கமாகப் போகின்றன. 1821இல் லீவையும் அவர் உறவினர் வெஸ்டலும் அடிமைப்பட்டவர்கள் பைபிள் வாசிக்கக் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிறு பள்ளி நடத்தினார்கள். எஜமானர்கள் அவர்களை வரவிடாமல் தடுத்ததும் அது நின்றுபோனது. அப்படிப்பட்ட ஊரில் எத்தனை நாள் இருப்பது?

ஏப்ரலில் ஒரு இடைவெளி. 1843ஐ ஒட்டி இண்டியானாவில் பல பெயர்கள் வழக்கமான மினிட்ஸிலிருந்து காணாமல் போயின. சாவு இல்லை, ஊர் மாற்றமும் இல்லை. அடிமை ஒழிப்பில் எவ்வளவு தீவிரமாக இறங்கலாம் என்பதில் சங்கமே பிளந்திருக்கிறது. லீவை உள்ளிட்டவர்கள் பிரிந்துபோய் அடிமைமுறை எதிர்ப்பு நண்பர்கள் என்று தனிச் சங்கம் வைத்தார்கள். தேட வேண்டிய பதிவே வேறு. நல்லது செய்தவர்கள் பெயர் விளிம்புக்குப் போன பக்கங்கள் இவை; இந்தத் தேடலில் என்னை அதிகம் உலுக்கியதும் இவைதான்.

லீவை 1847இல் சின்சினாட்டிக்குப் போனார், 1877இல் இறந்தார். அன்றைய குவேக்கர் வழக்கத்தில் கல்லறைக்கு அடையாளம் வைப்பதைத் தவிர்ப்பார்கள், அவருக்கும் வைக்கவில்லை. 1902இல் அந்த நகரத்துக் கறுப்பின மக்கள்தான் அங்கே ஒரு நினைவுக்கல் நட்டார்கள்.

அந்தக் கல்லின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து இரண்டாவது நோட்டு ஒன்று தொடங்கியிருக்கிறேன். காஃபின்களுக்கு ஒன்பது தலைமுறைத் தாள் இருக்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தவர்களுக்கு? 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில் எஜமானர் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் மட்டுமே, பெயர் கிடையாது. ஆனால் நியூபோர்ட்டைச் சுற்றி விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்கள் இருந்தன. காஃபின்கள் வருவதற்கு முன்பே ஓடி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் அவர்கள். இண்டியானா அவர்களை அவமானப்படுத்தப் போட்ட சட்டம் ஒன்றின்படி, 1853 முதல் கவுண்டி அலுவலகங்களில் கறுப்பினத்தவர் பெயரைப் பதிந்தார்கள்: பெயர், வயது, பிறந்த இடம், உடம்பில் இருக்கும் தழும்பு. அந்தப் பதிவேட்டின் முதல் ஐந்து பக்கங்களைப் படித்தாயிற்று. பதினொரு பெயர்கள் பென்சிலில் இருக்கின்றன.