புக்வொர்க், ரைடர், அப்புறம் ஐந்து மார்க்

நான் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தது 1987-ல். எங்களுக்கு நான்-செமஸ்டர். ஜூலையில் ஆரம்பித்த பாடத்துக்கு ஏப்ரலில்தான் பரீட்சை, மூன்று மணி நேரம், 100 மார்க், நடுவில் எழுதுகிற டெஸ்ட் எதற்கும் மதிப்பு கிடையாது. பெரிய கேள்விகளில் இரண்டு பாதி இருக்கும். தேற்றத்தை நிரூபிப்பது புக்வொர்க், அதை வைத்துப் போட வேண்டிய, வகுப்பில் பார்த்திராத கணக்கு ரைடர். புக்வொர்க்கை மனப்பாடம் பண்ணியே பாஸாகிவிடலாம், நானே இரண்டு பேப்பர் அப்படித் தாண்டியவன்தான், ஆனால் ஃபர்ஸ்ட் கிளாஸ் வேண்டுமென்றால் ரைடரைத் தொட்டே ஆகவேண்டும்.

இந்த வழக்கமெல்லாம் கேம்பிரிட்ஜ் வழி வந்தது. அங்கே ட்ரைபாஸ் என்கிற கணிதப் பட்டத் தேர்வில் 1909 வரை ரேங்க் வரிசையை அறிவித்தார்கள். ராமானுஜனை வரவழைத்த ஹார்டிக்கு 1898-ல் நான்காவது இடம். பிற்பாடு அந்தத் தேர்வையே ஒழிக்கவேண்டும் என்று மல்லுக்கு நின்றவரும் அவர்தான்.

இப்போது நான் பாடம் நடத்துகிற கல்லூரியில் செமஸ்டர். எக்ஸ்டெர்னல் 75, இன்டெர்னல் 25. வினாத்தாள் அமைப்பைப் பையன்கள் பாடத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு வருகிறார்கள்: இரண்டு மார்க் கேள்வி பத்து, ஐந்து மார்க் கேள்வி ஐந்து, பத்து மார்க் கேள்வி மூன்று. ஒரு யூனிட்டையே விட்டுவிட்டாலும் பாஸாகலாம் என்று அவர்கள் போடுகிற கணக்கு இருக்கிறதே, அதில் மட்டும் பிழையே வராது. ரைடர் சத்தமில்லாமல் செத்துப்போனது. அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லமாட்டேன், ஏப்ரலில் காய்ச்சல் வந்தால் ஒரு வருஷமே போய்விடும்.

கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே எழுதினார்கள். ஏ4 தாளில் எழுதி, செல்போனில் படமெடுத்து, பிடிஎஃப்பாக அனுப்புவார்கள். ரியல் அனாலிசிஸ் பேப்பர் திருத்தும்போது ஒன்றில் டெல்டா (δ) வரவேண்டிய இடமெல்லாம் 8 இருந்தது. யாருடைய கையெழுத்தையோ பார்த்து எழுதியதில் வந்த வினை. “8 > 0 என்க.” தப்பு என்றும் சொல்ல முடியவில்லை, 8 பூஜ்யத்தைவிடப் பெரியதுதானே! அடுத்தடுத்து ஆறு பேப்பரில் அதே 8.

அதற்கப்புறம்தான் இன்டெர்னலில் அசைன்மென்ட்டுக்கு உள்ள ஐந்து மார்க்கை எழுதி வாங்காமல் கரும்பலகைக்கு மாற்றினேன். ஒரு தேற்றத்தை எழுதச்சொல்லி, நடுவில் ஒரு வரியைக் காட்டி, “இது எதுக்கு?” என்று கேட்பேன். அறுபது பேருக்கு மூன்று வாரம் இழுக்கிறது, சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள்.

போன செமஸ்டரில் ஒரு பெண் ரோல் தேற்றம் எழுதினாள். இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில் இருக்கிற, நடுவில் அறுபடாத, கூர்முனையில்லாத வளைவரைக்கு எங்கேயாவது ஓரிடத்தில் சாய்வு பூஜ்யமாகும் என்பதுதான் அது. முனைப்புள்ளியில் தொடர்ச்சி எதற்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சாக்பீஸையே உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு 0-விலிருந்து 1 வரை சாய்வாக ஒரு நேர்கோடு போட்டு, கடைசிப் புள்ளியை மட்டும் விரலால் அழித்து, கீழே அச்சின்மேல் வைத்தாள். “இப்ப ரெண்டு முனையிலயும் பூஜ்யம் சார். ஆனா சாய்வு எங்கயுமே பூஜ்யமாகலையே?”

நான் அதைச் சொல்லித்தரவில்லை, எங்கள் புத்தகத்திலும் இல்லை. 5-க்கு 5 போட்டேன். எக்ஸ்டெர்னலில் அவளுக்கு அந்தப் பேப்பரில் 75-க்கு 41.