ஃபாதரை எப்போது கூப்பிடுவது?

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியுவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். கத்தோலிக்கக் குடும்பங்களிடம் நோயில் பூசுதல், அதாவது குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு, பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் வருகிற பதில், "இப்போ வேணாம் சிஸ்டர், ஃபாதரைப் பார்த்தா அப்பா பயந்துடுவாரு." எண்ணெய் பூச ஆள் வந்தாலே எல்லாம் முடிந்தது என்றுதான் இன்னும் நினைக்கிறார்கள்.

அப்படி நினைக்க ஒரு காலத்தில் காரணம் இருந்தது. மரணப் படுக்கையில் கிடப்பவருக்குக் கொடுப்பதே நெடுங்கால வழக்கம். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமான அருளடையாளம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) அல்ல இது என்று, கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தெளிவாகச் சொன்னது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய சடங்குமுறையைக் கொண்டுவந்தார். கடுமையான நோயிலும் முதுமைத் தளர்ச்சியிலும் பெறலாம்; நோய் காரணமாகப் பெரிய ஆபரேஷன் என்றால் அதற்கு முன்பும் பெறலாம். தேறிய பிறகு மறுபடி நோயில் விழுந்தாலோ, இருக்கிற நோய் முற்றினாலோ திரும்பவும் உண்டு. இத்தனை வருடம் கழித்தும் இது வார்டுவரை வந்து சேரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

பைபாஸுக்காகச் சேர்ந்திருந்த ஒரு பெரியவர், மில்லில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகன் கூடாது என்றார். நான் பெரியவரிடமே கேட்டேன். கேட்க வேண்டியது அவரைத்தானே? "வரச் சொல்லும்மா, எனக்குப் பேசணும்" என்றார். ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் ஃபாதர் வந்தார். முதலில் பாவசங்கீர்த்தனம், அதாவது ஃபாதரிடம் தனியாகப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது; நாங்கள் எல்லோரும் தள்ளி நின்றோம். அப்புறம் மகனும் மருமகளும் கட்டிலருகே வந்தார்கள். நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்று சொல்லும் பைபிளின் யாக்கோபு திருமுகப் (கடிதப்) பகுதியை வாசித்துவிட்டு, ஃபாதர் ஒன்றும் பேசாமல் பெரியவரின் தலைமேல் கைகளை வைத்தார். பிறகு நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய். ஒவ்வொரு முறையும் பெரியவர் சத்தமாக "ஆமென்" என்றார். நன்மையும் (நற்கருணை அப்பம்) வாங்கினார். மருமகள் அழுதாள், அவர்தான் அவளைத் தேற்றினார். அன்றிரவு மகனை உட்கார வைத்து வீட்டு விஷயமெல்லாம் நிதானமாகப் பேசினார். பயந்து போயிருந்தது மகன்தான்.

அந்த "ஆமென்" பலருக்குக் கிடைப்பதில்லை. வென்டிலேட்டர் போட்டு, நினைவு போன பிறகுதான் ஃபாதருக்குப் போன் போகிறது. அப்போதும் பூசுவார், நினைவிருந்தால் கேட்டிருப்பார் என்ற நம்பிக்கையில் திருச்சபை அதற்கு இடம் தருகிறது. ஆனால் உயிர் போன பின் பூசுவதில்லை, இறந்தவருக்கான செபம் மட்டுமே. கடலூரிலிருந்து பங்குத் தந்தை கிளம்பி வந்து சேர்வதற்குள் மானிட்டரில் கோடு நேராகிப்போன இரவுகளைப் பார்த்திருக்கிறேன். நர்ஸோ கன்னியாஸ்திரீயோ அவசரத்துக்குப் பூசிவிடவும் முடியாது, குருவானவர்தான் வேண்டும். வாசலில் நிற்கும் பிள்ளைகளிடம் அந்த நேரத்தில் என்ன சொல்வது?

ஐசியுவில் பூசுவதில் பெரிய சிக்கல் கிடையாது. ஆக்சிஜன் ஓடுவதால் மெழுகுவர்த்தி ஏற்றக்கூடாது. எவ்வளவு கெஞ்சினாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கையில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய் (கேனுலா) இருந்தால் பிளாஸ்டரில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வோம். மிக அவசரமென்றால் நெற்றியில் மட்டும் பூசினாலே போதும். புனித வாரத்தில் ஆயர் அர்ச்சித்த எண்ணெயைப் பஞ்சில் நனைத்து, சின்னச் சிமிழில் ஃபாதர்கள் கொண்டுவருகிறார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் இல்லாத நேரமாகப் பார்த்து எங்களிடம் முன்கூட்டியே சொன்னால், அமைதியாகச் செய்ய இடம் பண்ணிக் கொடுப்போம்.

இப்போதெல்லாம் அட்மிஷன் அன்றே, நோயாளி பேசும் நிலையில் இருக்கும்போதே, எந்தப் பங்கு (எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்), ஃபாதர் நம்பர் இருக்கிறதா, அவரைப் பார்க்க விருப்பமா என்று நோயாளியிடம் நேரடியாகக் கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள், சரி என்று விட்டுவிடுகிறேன். "இங்கே வர விடுவீங்களா?" என்று உடனே கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் நம்பரை ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன்.