டைமர் இல்லாத அடுப்பு

உயிர்பிழைக்கும் விளையாட்டு ஒன்றில் சமையல் பகுதிக்கு கோட் எழுதும் வேலை என்னிடம் வந்தபோது, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இறைச்சியை அடுப்பில் வைத்தால் டைமர் ஓடும், ஓடி முடிந்ததும் வெந்துவிடும், அவ்வளவுதானே. மைன்கிராஃப்ட் உலைகூட அப்படித்தான்: ஒரு பொருளுக்கு 10 நொடி, ஒரு நிலக்கரிக்கு 8 பொருள். அந்த விளையாட்டுக்கு அது பொருத்தம். எங்கள் விளையாட்டிலோ குளிரும் பசியும்தான் எதிரிகள். பனியில் அலைந்து விறகு பொறுக்கி வந்தவருக்குக் கடைசியில் ஒரு டைமரைக் காட்டுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

அதனால் 'சமைக்கும் நேரம்' என்ற எண்ணையே தூக்கிவிட்டோம். விறகிலிருந்து அடுப்பின் இரும்புக்கு, இரும்பிலிருந்து சட்டிக்கு, சட்டியிலிருந்து உள்ளே இருப்பதற்கு எவ்வளவு சூடு போகிறது என்று மட்டும் கணக்கு வைத்தோம். ஈர விறகு போட்டால் அதன் ஈரத்தை விரட்டவே கொஞ்சம் சூடு போய்விடும், தீ அணைந்த பிறகும் இரும்பு கொஞ்ச நேரம் சுடும். இதெல்லாம் சீக்கிரமே கைக்கு வந்தது.

தண்ணீர்தான் என்னை உட்காரவைத்து யோசிக்க வைத்தது. ஒரு கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 335 கிலோஜூல் போதும், அதே தண்ணீர் முழுக்க ஆவியாகப் போக 2,257 கிலோஜூல் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட ஏழு மடங்கு. ஆக சட்டியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும்வரை நீங்கள் எவ்வளவு விறகைத் திணித்தாலும் குழம்பு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், வற்றிய மறுகணம் சூடு மேலே பாயும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முதல் தடவை ஓடவிட்டேன். அடிப்பிடிக்க இவ்வளவு நேரம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. தண்ணீர் சுண்டியது, சட்டியின் அடி கறுத்தது, தானாகப் பிடித்தது. பக்கத்து இருக்கைக்காரரை "இங்க வந்து பாருங்க, பிடிச்சிடுச்சு" என்று கூப்பிட்டது இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம் விளையாடிப் பார்த்துச் சோதிக்கும் டெஸ்டர்களிடமிருந்து ஒரு பக், அதாவது பிழைப் புகார், வந்தது: பனி உருகவே மாட்டேன் என்கிறது. அது பக்கே இல்லை. ஒரு கிலோ பனியை வெறுமனே உருக்கவே 334 கிலோஜூல் வேண்டும், அதை வைத்து உருகிய தண்ணீரை 80 டிகிரிவரை சூடாக்கிவிடலாம். சரி, அதை அப்படியே விட்டோம், விறகின் மதிப்பு ஆட்டக்காரருக்குப் புரிய அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

எல்லாவற்றையும் அப்படி விட முடியவில்லை. எங்கள் விளையாட்டில் ஒரு நாள் என்பது ஒரு மணி நேரம், அதாவது 24 மடங்கு வேகம். நிஜத்தில் இரண்டு நிமிடத்தில் கருகுவது இங்கே 5 நொடியில் கருகிவிடும், யாரால் ஓடிவந்து சட்டியை இறக்க முடியும்? எண்ணை மாற்ற மாட்டேன் என்று நான் இரண்டு வாரம் பிடிவாதம் பிடித்தேன், டிசைனர் பொறுமையாக எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் சொன்னதுதான் சரி. கருகும் வேகத்தை மட்டும் நாலில் ஒரு பங்காகக் குறைத்தோம்.

மீதியைத் தீர்த்தது ஒலி அமைப்பாளர். தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன்புதான் அதிகமாக இரையும், அடியில் உண்டாகும் சின்ன ஆவிக்குமிழிகள் மேலே குளிர்ந்த தண்ணீரில் பட்டு உடைவதால் வரும் சத்தம் அது. தளதளவென்று கொதிக்க ஆரம்பித்ததும் அந்த இரைச்சல் அடங்கிவிடும். இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்து, தண்ணீர் வற்றும்போது வரும் வெடிப்புச் சத்தத்தையும் சேர்த்தார். திரையில் எந்தக் குறியும் வைக்கவில்லை.

விளையாட்டின் அடுத்த சோதனைப் பதிப்பில் ஒரு டெஸ்டர் பக்கத்து அறையில் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். இரைச்சல் அடங்கியது. அவர் கை அப்படியே நின்றது, பையைப் போட்டுவிட்டு அடுப்பை நோக்கி ஓடினார்.